இடமரை: ஒரு சைக்கிள் உதிரிபாகம் குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ் எழுத்தில் சைக்கிளுக்குக் குறைவில்லை. அப்பாவின் சைக்கிள், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள், குரங்குப் பெடல், கேரியரில் அமர்ந்து போன திருவிழா என்று சிறுகதைகளிலும் கவிதைகளிலும் அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சைக்கிள்கள் பெரும்பாலும் பழுதாவதில்லை. பழுதானாலும் தெருமுனைக் கடையில் விடப்படுவதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. கடைக்குள் என்ன நடந்தது, எந்தப் பாகம் எதற்காகக் கழற்றப்பட்டது, எப்படி மாட்டப்பட்டது என்பது எழுத்துக்குள் வருவதில்லை. சைக்கிள் நமக்கு நினைவின் பொருளாக இருக்கிறதேயன்றி அறிவின் பொருளாக இல்லை எனலாம்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைக்குள் நடப்பதில் ஒரே ஒரு வேலையைப் பற்றியது: பாட்டம் பிராக்கெட் மாற்றுதல். இலக்கியம் பேசும் பக்கத்தில் இது எதற்கு என்ற கேள்வி எழலாம். ஒரு பொருளைப் பயன்படுத்துபவருக்கு அதைத் திறந்து பார்க்கவும் சரிசெய்யவும் உரிமையும் வாய்ப்பும் உண்டா என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று என்று நாங்கள் கருதுகிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய இரும்புக் கிண்ணத்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு, அது சுழல்வதற்கான பால்ரஸ் குண்டுகள், குண்டுகளைத் தாங்கும் கப்புகள் ஆகியவை சேர்ந்த தொகுதியே பாட்டம் பிராக்கெட். கடைகளில் சுருக்கமாக பி.பி. என்பார்கள். ஃபிரேமின் கீழ்க்கோடியில், மூன்று பக்கத்துக் குழாய்களும் வந்து சேரும் குறுக்குக் குழாய்க்குள் அது இருக்கிறது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது நம் முழு எடையும் இந்த அச்சின் மீதுதான் இறங்குகிறது. சீட்டுக் குழாய் வழியே இறங்கும் மழைநீரும் கடைசியில் வந்து தங்குவது இங்கேதான். ஆகவே சைக்கிளில் அதிகம் பாடுபடுவதும், கண்ணில் படாததால் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இந்தப் பாகமே. ஒவ்வொரு சுற்றுக்கும் 'கடக்' என்றொரு சத்தம், கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஓர் ஆட்டம், கையால் சுற்றினால் மணல் அரைபடுவதைப் போன்ற ஒரு சொரசொரப்பு - இவை தெரிந்தால் பி.பி.யைத் திறந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நம் ஊர்களில் இன்றும் ஓடும் கறுப்பு ரோட்ஸ்டர் வகைச் சைக்கிளில் இந்த வேலை எப்படி நடக்கிறது? கிராங்கை அச்சோடு பிணைத்திருப்பது காட்டர் பின் என்னும் ஆப்பு வடிவ ஆணி. அதன் நட்டை முழுதும் கழற்றாமல் ஆணியின் முனையோடு சமமாக வரும்வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் குண்டுகளின் மேல் இறங்கி கப்பில் குழி விழும். கிராங்குகள் வந்தபின் இடதுபக்கத்து லாக் ரிங்கையும் கப்பையும் கழற்றினால் அச்சும் குண்டுகளும் கைக்கு வருகின்றன. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள் 11. துடைத்துப் பார்க்கையில் அச்சில் குண்டு ஓடும் தடத்திலோ கப்பின் உட்புறத்திலோ அம்மைத் தழும்பைப் போல் குழிகள் தெரிந்தால் அவற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தடம் வழவழப்பாக இருந்தால் குண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். புதுக் கிரீஸை கப்பில் தடவினால் குண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும். அச்சின் நீளமான முனை செயின் பக்கம் வரவேண்டும். பிறகு இடது கப்பை மெல்ல இறுக்கிக்கொண்டே வந்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் அச்சு தானாகச் சுழலும் ஓர் இடத்தில் நிறுத்தி, லாக் ரிங்கைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது கப்பும் சேர்ந்து சற்றே திரும்பிவிடும். அந்த அளவை முன்கூட்டியே கணக்கில் வைப்பதுதான் இந்த வேலையின் கைப்பக்குவம். கடைசியாக, இரண்டு காட்டர் பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் நுழைத்தால் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

வலதுபக்கத்து கப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்து மரைகளில் பெரும்பாலானவை வலப்புறம் திருப்பினால் இறுகும், இடப்புறம் திருப்பினால் தளரும். இந்தக் கப் நேர்மாறானது. அதைக் கழற்ற வலப்புறமாகத் திருப்ப வேண்டும். பட்டறைகளில் 'லெஃப்ட் திரெட்' என்பார்கள். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று பிரித்துப் பேசும் மொழி நம்முடையது. அந்த வழியில் இதை இடமரை என்று சொல்லிக்கொள்வோம். இது தெரியாமல் வழக்கமான திசையில் நீண்ட கம்பியை மாட்டி நெம்பினால் கப் மேலும் மேலும் இறுகும். அதற்கும் மேல் நெம்பினால் ஸ்பேனர் வழுக்கி கப்பின் விளிம்பு சிதையும். சில வேளைகளில் ஃபிரேமின் மரையே போய்விடும்.

இப்படி ஒரு முரண்பாட்டை ஏன் வைத்தார்கள்? ஒரு பென்சிலை மூடிய கைக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியை மற்றொரு கையால் வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். பென்சில் தன்னளவில் எதிர்த்திசையில் உருளுவதைக் காணலாம். ஒரு துளைக்குள் மயிரிழை இடைவெளியோடு நிற்கும் எந்த உருளைப் பாகமும், பாரம் சுற்றிச் சுற்றி மாறுகையில் இப்படி ஊர்கிறது. இடது பெடலுக்கு இடமரை இருப்பதன் காரணம் இதுவே. பி.பி.யின் வலது கப்பும் இதே ஊர்தலால் தளரக்கூடும் என்பதற்காகவே அதற்கும் இடமரை. இரண்டு பக்கமும் வலமரை வைத்த இத்தாலியச் சைக்கிள்களில் வலது கப் தானாகத் தளர்வது நன்கறியப்பட்ட தொல்லை. ஆக, முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் சாலையில் பட்டறிந்த ஒரு நியாயம் இருக்கிறது.

*

இந்த மரைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் பி.எஸ்.ஏ. மரை. விட்டம் 1.37 அங்குலம்; அங்குலத்துக்கு 24 மரை; வலப்பக்கம் இடமரை, இடப்பக்கம் வலமரை. தமிழ் வாசகர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றதும் நினைவுக்கு வருவது பள்ளி நாட்களில் ஆசைப்பட்ட 'எஸ்.எல்.ஆர்.' சைக்கிளாக இருக்கலாம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர்த் தொழிற்சாலையும், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற ஆங்கிலேயப் பெயர்கள் நம் தெருக்களில் நிலைத்ததும் அதன் வழி வந்தவை. அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளிகள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் சைக்கிள் பக்கம் திரும்பியது. அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும்.

நுணுக்க அளவில் ஒரே மாதிரியான பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்வது துப்பாக்கித் தொழிலின் அடிப்படைத் திறன். அந்தத் திறன் சைக்கிளுக்கு வந்தபோது, எந்தத் தொழிற்சாலையில் செய்த கப்பும் எந்தத் தொழிற்சாலையில் செய்த ஃபிரேமிலும் பொருந்தும் என்ற நிலை மெல்ல உருவாகியது. ஆனால் அது எளிதில் வந்துவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் இரு பக்கமும் வலமரை வைத்தார்கள். இத்தாலியர்களுக்கு 36 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தினர் பிரெஞ்சு அளவை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்தை மட்டும் இடமரையாக்கினார்கள். இங்கிலாந்திலேயே ராலே நிறுவனம் தன் நாட்டிங்காம் தொழிற்சாலைக்கென்று அங்குலத்துக்கு 26 மரை என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஃபிரேமில் 24 மரை கப்பை நுழைத்தால் ஓரிரு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். இத்தனை போட்டிக்கும் பிறகு உலகின் பெரும்பகுதி பி.எஸ்.ஏ. மரையில் வந்து நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பி.எஸ்.ஏ. 1957-ல் தன் சைக்கிள் தொழிலை ராலேவுக்கே விற்றுவிட்டது. 1973-ல் தாய் நிறுவனமும் தனித்த இருப்பை இழந்தது. ஆனால் அதன் மரை இன்றும் தைவானில், சீனாவில், லூதியானாவில், அம்பத்தூரில் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்காக எவரும் எவருக்கும் உரிமைத்தொகை கட்டுவதில்லை. ஒரு நிறுவனத்தின் அளவாகத் தொடங்கியது எல்லோருக்கும் பொதுவானதாகிவிட்டது. கிணறும் குளமும் போல இதுவும் ஒரு பொதுச்சொத்து என்பது எங்கள் எண்ணம்.

பொதுவாவதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தைக் காட்சி நினைவிருக்கும். திருடப்பட்ட சைக்கிள் முழுதாக இராது, பாகங்களாகப் பிரிந்திருக்கும் என்பதால் தேடுபவர்களும் தங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஃபிரேம், ஒருவருக்கு டயர், சிறுவன் புருனோவுக்கு மணியும் பம்பும். எந்தப் பாகமும் எந்தச் சைக்கிளிலும் பொருந்தும் உலகில், 'என்னுடையது' என்று அடையாளம் காட்ட ஃபிரேமில் பொறித்த எண் ஒன்றே மிஞ்சுகிறது. கள்வனுக்கும் உதவுகிற பொதுமை இது. எனினும் அதே பொதுமைதான் ரோமின் ஏழைத் தொழிலாளி ஒருவன் பழைய பாகங்களைக் கொண்டு வண்டியை ஓட்டத்தில் வைத்திருக்கவும் வழி செய்தது.

*

கப், குண்டு, அச்சு என்று தனித்தனியாக இருந்த காலத்துக்குப் பிறகு, எல்லாவற்றையும் ஒரே உருளைக்குள் அடைத்து மூடிய கார்ட்ரிட்ஜ் வந்தது. இன்று கியர் சைக்கிள்கள் பலவற்றிலும் இருப்பது அதுவே. பழைய கப்-குண்டுத் தொகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ட்ரிட்ஜ் மாட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அதற்கு முதல் தேவை அளவெடுத்தல். கூட்டின் அகலம் 68 மில்லிமீட்டரா 73-ஆ என்று பார்க்க வேண்டும். பழைய அச்சின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். நீளம் மாறினால் செயின் வீல் உள்ளே தள்ளி ஃபிரேமில் உரசும், அல்லது வெளியே தள்ளி செயின் சாய்ந்து ஓடும். சதுர முனையுள்ள அச்சானால் கிராங்கின் போல்ட்டைக் கழற்றியபின் கிராங்க் புல்லரை அதன் மரையில் கடைசிவரை ஏற்றிய பிறகே இழுக்க வேண்டும். பாதி ஏற்றி இழுத்தால் கிராங்கின் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கூட்டின் மரையைத் துணியால் துடைத்துக் கிரீஸ் தடவி, புதிய கார்ட்ரிட்ஜை வலப்பக்கத்திலிருந்து கையாலேயே இடப்புறமாகத் திருப்பி ஏற்ற வேண்டும். முதல் நான்கைந்து சுற்றுகள் விரலாலேயே ஏறவேண்டும் என்பதே இந்த வேலையின் பொன்விதி. விரலால் ஏறவில்லை என்றால் மரை குறுக்கே விழுந்திருக்கிறது, அல்லது அழுக்கு இருக்கிறது, அல்லது அது வேறு மரை. அந்த நிலையில் ஸ்பேனரை எடுப்பவர் ஃபிரேமை இழப்பார். வலப்பக்கத்து விளிம்பு கூட்டோடு படிந்ததும் இடது கப்பை வலப்புறமாக ஏற்றி இறுக்கலாம். ஷிமானோ நிறுவனம் இதற்குச் சொல்லும் அளவு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 50 வரும். கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50 போதும். வேலை இவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜ் வந்தபோது இழப்பொன்றும் நேர்ந்தது. அதைத் திறக்க முடியாது. உள்ளே ஒரு குண்டு நைந்தால் முழுத் தொகுதியையும் எறிய வேண்டும். கிரீஸும் 11 குண்டுகளும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் செய்துவந்த வேலை, கடையில் ஒரு டப்பியை வாங்குவதாகச் சுருங்கிவிட்டது. இருந்தும் நாங்கள் இதை எதிர்க்கவில்லை. மழைநீர் உள்ளே போகாத, ஆண்டுக்கணக்கில் கவனிப்புக் கேட்காத பாகம் தினமும் இருபது கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய உதவி. அதைவிட முக்கியமானது, உள்ளிருப்பது மாறினாலும் வாய் மாறவில்லை. அறுபது ஆண்டுப் பழைய ஃபிரேமிலும், மரை அதுவேயானால், இன்று வாங்கிய கார்ட்ரிட்ஜ் ஏறுகிறது. ஒரு பாகத்தைப் பழுதுபார்க்க முடிவதைவிட, அதை எவருடையதாலும் மாற்ற முடிவது அடிப்படையானது என்று தோன்றுகிறது. முதலாவது பாகத்தின் குணம். இரண்டாவது பாகத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையிலுள்ள உடன்படிக்கையின் குணம்.

*

அந்த உடன்படிக்கையைத்தான் விலையுயர்ந்த சைக்கிள்களின் உலகம் சுமார் இருபது ஆண்டுகள் கைவிட்டது.

அமெரிக்க நிறுவனமான கேனன்டேல் 2000-ஐ ஒட்டி பி.பி.30 என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2006-ல் அதை மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதில் மரையே கிடையாது. 42 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங்கை நேராக அழுத்தி உட்காரவைத்து, 30 மில்லிமீட்டர் கனமுள்ள அச்சை நுழைப்பார்கள். அச்சு கனத்ததால் வளையாது, உள்ளீடற்றுச் செய்யலாம் என்பதால் எடையும் குறையும் என்றார்கள். அது பொய்யன்று. கார்பன் ஃபிரேம்களில் மரை வெட்ட வேண்டிய தொல்லையும், உலோக வளையம் பதிக்கும் செலவும் குறைந்தன என்பதும் உண்மை. ஆனால் பேரிங்கைப் பிடித்திருக்க வேண்டிய பொறுப்பு இப்போது துளையின் துல்லியத்தின் மேல் விழுந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினால் போதும், ஒவ்வொரு மிதிக்கும் 'கிரீச்' என்று முனகும். இலட்சக்கணக்கில் விலை கொடுத்த சைக்கிள்கள் முனகிக்கொண்டு ஓடின. பேரிங்கை எடுக்கத் தட்டவும், மாட்ட அழுத்தவும் தனித்தனிக் கருவிகள் தேவைப்பட்டன. பல முறை தட்டி எடுத்தால் துளையே தளர்ந்துபோகும் அபாயமும் இருந்தது.

இதைவிடப் பெரிய குழப்பம், ஒவ்வொரு நிறுவனமும் தன் வழிக்கு ஒரு துளை போட்டதுதான். பி.எஃப்.30, பி.பி.86, பி.பி.90, பி.பி.386, பி.பி.ரைட் என்று பெயர்கள் பெருகின. ஒன்றுக்கு 46 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 41, மற்றொன்றுக்கு 37. அகலமும் வேறு வேறு. இடையில் பொருத்த அடாப்டர்கள், அடாப்டர்களுக்குச் சத்தம், சத்தத்துக்குப் பசை. ஒரு கிராங்கை வாங்கும் முன் எது எதில் பொருந்தும் என்று அட்டவணை பார்க்க வேண்டிய நிலை வந்தது. இவை ஒவ்வொன்றையும் அந்தந்த நிறுவனங்கள் 'ஸ்டாண்டர்டு' என்றே அழைத்தன என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். பொது அளவு என்பதைக் குறிக்கும் சொல், அவரவர் தனி அளவைக் குறிப்பதாக ஆனது. மொழியில் அக்கறை கொண்டவர்கள் இதுபோன்ற இடங்களில் சற்று நின்று பார்ப்பது நல்லது.

பிறகு திரும்பல் தொடங்கியது. 2015-ல் கிறிஸ் கிங்கும் ஆர்கனாட்டும் சேர்ந்து டி47 என்ற அளவை முன்வைத்தார்கள். பெரிய துளைதான், ஆனால் மரையுள்ளது. வலப்பக்கம் அதே இடமரை. 2019-ல் ட்ரெக் நிறுவனம் தன் உயர்வகைச் சைக்கிள்களில் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. 2020-ல் ஸ்பெஷலைஸ்டு தன் டார்மாக் எஸ்.எல்.7 பந்தய சைக்கிளைப் பழைய பி.எஸ்.ஏ. மரையோடு வெளியிட்டது. 2023-ல் வந்த சூப்பர்சிக்ஸ் ஈவோவில், பி.பி.30-ஐத் தொடங்கிவைத்த கேனன்டேலே பி.எஸ்.ஏ. மரைக்கு வந்து சேர்ந்தது. அழுத்திப் பொருத்தும் முறை மறைந்துவிடவில்லை; இன்றும் பல நிறுவனங்கள் அதையே வைத்திருக்கின்றன. என்றாலும், உலகின் மிக வேகமான சைக்கிள்கள் சிலவற்றின் அடியில் இன்று இருப்பது நம்மூர்ப் பால்காரரின் சைக்கிளில் இருக்கும் அதே மரை.

இந்தத் திரும்பலை 'பழமையின் வெற்றி' என்று கொண்டாட நாங்கள் விரும்பவில்லை. நம் சூழலில் அப்படியொரு வாசிப்பு உடனே தயாராகிவிடும்: முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், புதுமை நம்மைக் கெடுத்தது, இத்யாதி. இங்கே நடந்தது அதுவன்று. காட்டர் பின் திரும்பி வரவில்லை, வரவும் கூடாது. திரும்பி வந்தது பொது அளவு மட்டுமே. அதை வரவழைத்தது எவருடைய ஏக்கமும் அன்று. சத்தம் போடும் சைக்கிளைத் திரும்பத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்த வாடிக்கையாளர்களின் எரிச்சலும், பட்டறைக்காரர்களின் முறையீடும் சேர்ந்தே நிறுவனங்களை அசைத்தன என்று கருத இடமிருக்கிறது. பயன்படுத்துபவர்களுக்குப் பாகத்தின் பெயரும் அதன் செயலும் தெரிந்திருந்ததால்தான் அவர்களால் முறையிட முடிந்தது.

*

இங்கேதான் மொழி வருகிறது. நம் சைக்கிள் கடைகளில் ஒரு தனித் தமிழ் வழங்குகிறது. 'ஓவர்ஹால்' என்ற சொல் அங்கே 'ஓவராயில்' ஆயிற்று. எல்லாவற்றையும் கழற்றி எண்ணெயும் கிரீஸும் போடும் வேலைக்கு, எண்ணெய் என்று ஒலிக்கும் பெயரே அமைந்துவிட்டது. சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பார்கள். பேரிங் என்பது பால்ரஸ். மரை என்ற சொல் பட்டறையிலிருந்து நடைப்பேச்சுக்குள் நுழைந்து, புத்தி பேதலித்தவரை 'மரை கழன்றவர்' என்று கேலி செய்யும் அளவுக்கு வேரூன்றியது. இத்தனை வளமான பேச்சு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. கடையில் வேலை பழகும் பையன் பார்த்துக் கற்றான்; அவன் பார்த்துக் கற்றதை இன்னொருவன் பார்த்தான். கடைகள் மூடப்படும்போது அந்தச் சங்கிலி அறுந்துபோகும். தெருமுனைச் சைக்கிள் கடைகள் இருசக்கர மோட்டார் வாகனக் கடைகளாகவோ செல்போன் கடைகளாகவோ மாறிவிட்ட தெருக்களை நாம் எல்லோரும் அறிவோம்.

மறுபுறம் ஒரு முன்மாதிரியைக் காட்ட விரும்புகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் நியூட்டன் என்ற ஊரிலிருந்த சைக்கிள் கடை ஒன்றில் வேலை பார்த்தவர் ஷெல்டன் பிரவுன். 2008-ல் மறைந்தார். கடையின் இணையதளத்தில் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்தையும் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். கலைக்களஞ்சியம் போன்ற ஒரு சொல்லடைவையும் உண்டாக்கினார். பிரெஞ்சு மரை, சுவிஸ் மரை, ராலே மரை எல்லாவற்றுக்கும் அங்கே குறிப்புண்டு. அதில் தெளிவும் நகைச்சுவையும் இருந்தன. வாசகரை முட்டாளாக நினைக்காத மரியாதையும் இருந்தது. கடை 2021-ல் மூடப்பட்டது. எழுத்து நிற்கிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் இன்று பி.பி. கழற்றிக்கொண்டிருப்பவர் அவருடைய பக்கத்தைத் திறந்துவைத்திருக்கக் கூடும். உரைநடை என்பதற்கு இதைவிடப் பெரிய பயன் உண்டா என்று கேட்டால் எங்களுக்கு உடனடியாக விடை தோன்றவில்லை.

தமிழில் இப்படி எழுதத் தகுதியுள்ளவர்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள். எழுதப் பழகியவர்கள் சிற்றிதழ்களிலும் வலைப்பக்கங்களிலும் இருக்கிறோம். இரு தரப்பும் சந்திப்பதில்லை. ஒரு நாவலாசிரியர் தறியைப் பற்றியோ கடலைப் பற்றியோ எழுதும்போது அந்தத் தொழிலின் சொற்களைத் தேடிப் போகிறார், நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அந்தச் சொற்கள் கதையின் வண்ணமாக வருவதோடு நின்றுவிடுகின்றன. அவற்றைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து முடிக்கக்கூடிய வாக்கியங்களை யாரும் எழுதுவதில்லை. அப்படி எழுதுவது இலக்கியத்துக்குக் கீழான பணி என்ற எண்ணம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்' என்பதைப் பார்க்காதவருக்கும் பிழையின்றிப் புரியும்படி எழுதிப் பார்த்தவர்கள் அது எவ்வளவு கடினமான உரைநடைப் பயிற்சி என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

*

இவையெல்லாம் இப்போது பேசப்பட வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. மின்சார சைக்கிள்கள் பெருகி வருகின்றன. அவற்றில் ஒரு வகையில் மோட்டார் பி.பி. இருக்கும் இடத்திலேயே உட்காருகிறது. பெரிய நிறுவனங்களின் மோட்டார்களுக்கு அவரவர் வடிவில் தனி இருக்கை வேண்டும். ஒரு நிறுவனத்துக்காகச் செய்த ஃபிரேமில் இன்னொன்றின் மோட்டார் ஏறாது. மோட்டார் தயாரிப்பு நின்றால் நல்ல நிலையிலுள்ள ஃபிரேமும் காயலான் கடைக்குத்தான். பாஃபாங் போன்ற நிறுவனங்கள் விற்கும் சில மோட்டார் தொகுதிகளோ 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண பி.எஸ்.ஏ. கூட்டுக்குள் நுழையும்படி செய்யப்பட்டவை. பழைய கப்புகளைக் கழற்றிவிட்டு அந்தக் கூட்டில் மோட்டாரை நுழைத்து நட்டால் பூட்டினால், பழைய சைக்கிள் மின்சார சைக்கிளாகிறது. துப்பாக்கித் தொழிலாளிகள் விட்டுச்சென்ற பொது அளவு, அவர்கள் கனவிலும் கண்டிராத ஒரு பொருளுக்கு இடம் கொடுக்கிறது. எந்தப் பாதை விரிவடையப் போகிறது என்பது இனிமேல் முடிவாகும்.

சட்டத்தின் பக்கமும் அசைவு இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்டவை நான்கு துறைகள்: வேளாண் கருவிகள், கைப்பேசி போன்ற சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள். சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தேவை எழவில்லை என்பது ஒருவகையில் நல்ல செய்தி. பொது மரை இருந்தவரை உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டியிருக்கவில்லை. அது இரும்பிலேயே எழுதப்பட்டிருந்தது. மின்சார சைக்கிளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்த நிலையில் எங்கள் தரப்பு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. சைக்கிள் வாங்குபவர்கள், குறிப்பாக மின்சார சைக்கிள் வாங்குபவர்கள், நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும் கேட்பதோடு 'பி.பி. என்ன மரை?' என்றும் கேட்க வேண்டும். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர் விடை வைத்திருப்பார். இரண்டாவது, தமிழக அரசு 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலருக்கும் விரிவாக்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைப் பற்றியது. அந்தச் சைக்கிளோடு, அதைத் திறக்கும் அறிவும் மாணவருக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளியில் ஆண்டுக்கு ஒரு பகல் போதும்: ஒரு பழைய சைக்கிள், இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஊரில் எஞ்சியிருக்கும் ஒரு கடைக்காரர் ஆசிரியராக. இயற்பியல் பாடத்திலுள்ள நெம்புகோலும் உராய்வும் அங்கே கையில் தட்டுப்படும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இது தேவை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தினூடே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது நம் சமூக வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். ஓட்டுவதற்கு அடுத்த படி, பழுதானால் வேறொருவரை எதிர்பாராமல் வீடு வந்து சேர்வது.

மூன்றாவது வேண்டுகோள் நம்மிடமே. தமிழில் ஒரு பாகத்தையாவது, ஒரு வேலையையாவது, முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்ப்போம். கப்பும் குண்டும் வேண்டியதில்லை. தையல் இயந்திரத்தின் பாபினாக இருக்கலாம், கிணற்று மோட்டாரின் வாஷராக இருக்கலாம். அந்தந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுத வேண்டும். வலது கப்பைக் கழற்ற வலப்புறமாகத் திருப்ப வேண்டும் என்ற ஒரு வரி சரியான நேரத்தில் ஒருவர் கண்ணில் பட்டால் ஒரு ஃபிரேம் பிழைக்கும். நம் எழுத்துக்கு அந்தப் பயனும் இருக்கட்டும்.